கல்யாணம் ஆன கையோடு ஒரு பாலிசி

மொய்ப் பணம் வீடு வந்து சேர்வதற்குள் அதற்குச் செலவு வரிசைகட்டி நிற்கும். மண்டபத்துக்குப் பாக்கி, சமையல்காரருக்குப் பாக்கி, வாடகை வீட்டு அட்வான்ஸ், வாஷிங் மெஷின், மிச்சம் இருந்தால் மூணாறு. இந்தப் பட்டியலில் மருத்துவக் காப்பீடு வருவதே இல்லை. பெண்ணுக்கு இருபத்தாறு, பையனுக்கு இருபத்தொன்பது. இருவரும் ஆஸ்பத்திரியில் படுத்ததே கிடையாது. “ஆபீஸ்ல போட்டிருக்காங்க, அது போதும்” என்பார் ஒருவர். “குழந்தை பிறக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்” என்பார் மற்றவர். காப்பீட்டில் எல்லாமே வாங்கிய தேதியிலிருந்துதான் எண்ணப்படும் என்பது இருவருக்கும் தோன்றுவதில்லை.

ஏஜென்டுகள் லட்சங்களைப் பேசுவார்கள். பாலிசிப் பத்திரத்தைப் புரட்டினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நாள் கணக்கு. முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடையாது. ஹெர்னியா, மூலம், சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், சைனஸ், கர்ப்பப்பைக் கட்டி என்று ஒரு பட்டியல் இருக்கும். அவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். வாங்கும்போதே இருக்கும் தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48 மாதமாக இருந்ததை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஏப்ரல் முதல் குறைத்தது. பிரசவச் செலவு தரும் திட்டங்களில் அதற்குத் தனிக் காத்திருப்பு உண்டு. சிலவற்றில் ஒன்பது மாதம், பலவற்றில் இரண்டு ஆண்டு, சிலவற்றில் நான்கு ஆண்டுகூட.

தையில் கல்யாணம் முடித்த ஒரு ஜோடி, 2026 பிப்ரவரியில் பாலிசி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் முதல் டெங்குவுக்குப் பணம் உண்டு. 2028 பிப்ரவரியில் கல், ஹெர்னியா பட்டியல் திறந்துவிடும். 2029 பிப்ரவரியில் பழைய தைராய்டும் உள்ளே வந்துவிடும். 2031 பிப்ரவரியில், அதாவது 60 மாதம் விடாமல் கட்டிய பிறகு, “நீங்கள் அன்றைக்கு ஒரு விவரத்தைச் சொல்லவில்லை” என்று காரணம் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் உண்டு. இதே ஜோடி குழந்தை பிறந்த பிறகு 2029இல் வாங்கினால், இந்தத் தேதிகள் மொத்தமும் மூன்று ஆண்டு தள்ளிப் போகும். அதற்குள் ஒருவருக்குச் சர்க்கரை தலைகாட்டியிருந்தால் அது ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும். ஒரு மாதம் முன்பு வாங்கியிருந்தால் புது நோய்.

ஆக, இளம் தம்பதி பாலிசி வாங்குவதில் முதல் தேர்வு எந்த நிறுவனம் என்பதல்ல, எந்த மாதம் என்பதுதான். நல்ல திட்டத்தைத் தேடி ஆறு மாதம் கடத்துவதைவிட, சுமாரான திட்டத்தை இந்த மாதமே வாங்கிவிடலாம். பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் நேரத்தில் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் போர்ட்டபிலிட்டி வசதி இருக்கிறது. புதுப்பிப்புத் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். புது நிறுவனம் ஏற்றுக்கொண்டால், காத்திருந்த காலமும் கூடவே வரும்.

ஆபீஸ் காப்பீடு

வேலை பார்க்கும் இடத்தில் தரும் குரூப் பாலிசியைக் குறைத்துப் பேசக் கூடாது. பெரும்பாலான குரூப் பாலிசிகளில் காத்திருப்பே இல்லை. பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்து பணம் வரும், பிரசவத்துக்கும் வரும். தனியாக வாங்கும் பாலிசியில் இது கிடைப்பது அரிது. ஆனால் அது நிறுவனத்தின் பாலிசி. வேலையின் கடைசி நாளன்று அதுவும் முடிந்துவிடும். அடுத்த வேலைக்கு நடுவே இரண்டு மாதம் இடைவெளி வந்தால், அந்த இரண்டு மாதம் இருவரும் வெட்டவெளியில். அந்தச் சமயத்தில்தான் புதுப் பாலிசி வாங்க ஓடுவார்கள். 30 நாள் காத்திருப்பு அப்போதுதான் ஆரம்பிக்கும். வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் உரிமை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எச்ஆரிடம் கடைசி வாரத்தில் அல்ல, நோட்டீஸ் கொடுக்கும் அன்றே கேட்க வேண்டிய விஷயம் இது.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ இருக்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கானது, தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் பிடிக்கிறார்கள். கணவன், மனைவி, குழந்தைகளுக்கும் சிகிச்சை கிடைக்கும். வேலை பார்க்கும் பெண்ணுக்கு, தகுதியான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை வரும். எந்தத் தனியார் பாலிசியிலும் இப்படி ஒரு அம்சம் இல்லை. சம்பளம் 21,000ஐத் தாண்டியதும் அந்தச் சந்தா அரையாண்டு முடியும்வரைதான் இஎஸ்ஐ சந்தா பிடிப்பார்கள்; சிகிச்சை உரிமையும் அதன் பின் சில மாதங்களில் முடிந்துவிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று கணக்கு. இன்கிரிமென்ட் வந்த சந்தோஷத்தில் இது கவனத்தில் நிற்காது. இன்கிரிமென்ட் கடிதம் வந்த அன்றே பாலிசிக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. அந்த வரம்புக்குள் வருபவர்கள் முதலில் அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதுதான் முறை. பிரச்சினை நடுவில் இருப்பவர்களுக்கு: அரசுத் திட்டத்துக்கு வருமானம் அதிகம், ஆஸ்பத்திரி பில்லுக்குச் சேமிப்பு குறைவு.

எத்தனை லட்சம்?

2023-24இல் இந்தியாவில் சுமார் 2.69 கோடி மருத்துவ கிளெய்ம்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. ஒரு கிளெய்முக்குச் சராசரி 31,086 ரூபாய் என்கிறது ஐஆர்டிஏஐ ஆண்டறிக்கை. “இவ்வளவுதானா? மூன்று லட்சத்துக்குப் போட்டால் போதுமே” என்று தோன்றும். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். முப்பதாயிரம் ரூபாய் பில்லை ஒரு இளம் ஜோடி நகை வைத்தோ நண்பரிடம் வாங்கியோ எப்படியாவது சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதது பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று வாரம் ஐசியுவில் கிடக்கும் பில். அதற்காகத்தான் காப்பீடு. ஆகவே சின்னச் செலவுக்கெல்லாம் பணம் தரும், ஓபி கன்சல்டேஷன் தரும், ஜிம்முக்குத் தள்ளுபடி தரும் திட்டங்களின் பின்னால் போக வேண்டாம். அந்தப் பிரீமியத்தைத் தொகையைக் கூட்டுவதில் போடுங்கள்.

இருவருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரு ஃப்ளோட்டர் (குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே பொதுத் தொகை), அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஜோடிக்கு நான் சொல்வது இதுதான். சூப்பர் டாப்-அப் என்பது, ஓர் ஆண்டின் மொத்த பில் ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கு மேல் உள்ளதைக் கொடுப்பது. வரம்பு உயரமாக இருப்பதால் பிரீமியம் மிகக் குறைவு. வெறும் ‘டாப்-அப்’ என்ற பெயரிலும் விற்பார்கள். அது ஒவ்வொரு முறை படுக்கும்போதும் வரம்பைத் தாண்டினால்தான் பணம் தரும். ஒரே ஆண்டில் 7 லட்சம், 6 லட்சம் என்று இரண்டு பில் வந்தால், 10 லட்சம் வரம்புள்ள சூப்பர் டாப்-அப் 3 லட்சம் கொடுக்கும். டாப்-அப் ஒரு பைசா கொடுக்காது.

பெற்றோரை இந்த ஃப்ளோட்டரில் சேர்க்கலாமா என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். வேண்டாம். ஃப்ளோட்டரில் பிரீமியத்தைத் தீர்மானிப்பது மூத்தவரின் வயது. அப்பாவின் 61 வயதால் உங்கள் பாலிசி விலை ஏறும். அவர் கண் புரை, மூட்டு அறுவை என்று தொகையைத் தீர்த்துவிட்டால் உங்களுக்கும் மிஞ்சாது. அவர்களுக்குத் தனியாக எடுங்கள்.

அறை வாடகை என்ற கண்ணி

பத்திரத்தில் ஒரே ஒரு வரி படிக்க நேரம் இருக்கிறது என்றால் ‘ரூம் ரென்ட்’ என்ற வரியைப் படியுங்கள். மலிவான பாலிசிகளில், ஒரு நாள் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கும். 3 லட்சம் பாலிசி என்றால் 3,000 ரூபாய். ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறைதான் காலி; நான்கு நாள் இருக்கிறார்கள். “மிச்சம் 12,000 நம்ம கையில போட்டா போச்சு” என்று நினைப்பார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கணக்கு வேறாக வரும். அறைக்கு 24,000. டாக்டர், மயக்க மருந்து, தியேட்டர் கட்டணம் 1,00,000. மருந்தும் பரிசோதனைகளும் 46,000. மொத்தம் 1,70,000. உங்களுக்கு உரிய அறையைப் போல் இரு மடங்கு வாடகை அறையில் இருந்ததால் அறைக்கு மட்டுமல்ல, டாக்டர் கட்டணத்துக்கும் தியேட்டருக்கும் பாதிதான். மருந்தையும் பரிசோதனையையும் இப்படி வெட்டக் கூடாது என்று ஆணையம் தடுத்திருக்கிறது. ஆகவே வருவது 12,000, 50,000, 46,000: மொத்தம் 1,08,000. கையிலிருந்து போவது 12,000 இல்லை, 62,000. இதற்கு மேல் கையுறை, பஞ்சு, முகக்கவசம் என்று கன்ஸ்யூமபிள்ஸ் கழிவு தனி. அறைக்குத் தகுந்தபடி டாக்டர் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரிகளில் இந்த வெட்டு செல்லாது என்றும் விதி இருக்கிறது. பில்லிங் கவுன்டரில் கேட்டுப் பாருங்கள்.

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று 2020இல் கொண்டுவரப்பட்ட ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலும் இந்த வரம்பு இருக்கிறது. அறைக்குத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000. ஐசியுவுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 10,000. எல்லா பில்லிலும் 5 சதவீதம் நம் பங்கு. பிரசவம் கிடையாது. மாவட்டத் தலைநகரில் சிகிச்சை பார்ப்பவர்களுக்கு இது போதும். சென்னையில் சிரமம்.

படிவத்தில் ஒரு ‘இல்லை’

“அதெல்லாம் எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்.” ப்ரபோசல் ஃபார்ம் நிரப்பும்போது இந்த வாக்கியம் காதில் விழுந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். அந்தப் பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பிசிஓடி இருக்கும்; தைராய்டு மாத்திரை தினமும் போடுவாள். மாமியார் வீட்டில் தெரியாமல் இருக்கட்டும் என்று மறைத்திருப்பாள், படிவத்திலும் அதே மறைப்பு தொடரும். பையனுக்கு ஆபீஸ் செக்கப்பில் பிபி கொஞ்சம் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்திருக்கும். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் படிவத்தை நிரப்புவது கொஞ்சம் தர்மசங்கடமான வேலைதான். செய்துதான் ஆக வேண்டும்.

ஏனென்றால் இந்த மறைப்பு ஏஜென்டால் வெளிவராது, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் வெளிவரும். அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் கேட்பார். பக்கத்தில் நிற்கும் அத்தை, “அவளுக்கு அஞ்சு வருஷமா தைராய்டு இருக்கே டாக்டர்” என்பார். அந்த ஐந்து வருஷம் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும். பாலிசிக்கு வயது ஒன்றரை வருஷம். அவ்வளவுதான், கிளெய்ம் நிற்கும், பாலிசியே ரத்தாகலாம். உண்மையில் ஒரு வருஷமாக மட்டுமே இருந்ததை அத்தை ஐந்து என்று சொல்லியிருந்தாலும் இதே கதிதான். அட்மிஷனில் வரலாறு சொல்ல வேண்டியவர் நோயாளியோ துணைவரோதான். கூட வந்தவர்களைச் சொல்ல விடாதீர்கள். சொன்னதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று டிஸ்சார்ஜுக்கு முன் ஒருமுறை வாசித்தும் பாருங்கள்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருப்பு வரும், எப்போதாவது நிராகரிப்பார்கள். நிராகரித்தால் வேறு நிறுவனம். மூன்றும் மறைத்து மாட்டுவதைவிட மேல்.

இன்னொரு நுணுக்கம், மழைக்காலத்தில் தேவைப்படும். காய்ச்சல் என்று இரண்டு நாள் படுக்க வைத்து ரத்தப் பரிசோதனை மட்டும் செய்து மாத்திரையோடு அனுப்பினால், ‘பரிசோதனைக்காக மட்டுமே சேர்க்கப்பட்டார்’ என்று கிளெய்மை மறுக்க எல்லா பாலிசியிலும் விதி இருக்கிறது. எதற்காகப் படுக்க வைக்க வேண்டியிருந்தது என்பது சம்மரியில் தெளிவாக இருக்க வேண்டும்.

பிரசவ கவர் வாங்கலாமா?

இளம் தம்பதிகள் அதிகம் கேட்பதும், விற்பவர்கள் அதிகம் பூசி மெழுகுவதும் இதைத்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8 சதவீதம். செலவு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிரசவம் திடீரென்று வரும் ஆபத்து இல்லை. வருவது தெரியும், வாங்குபவர்களில் பெரும்பாலானவர்கள் கிளெய்ம் செய்யப் போவதும் நிறுவனத்துக்குத் தெரியும். எனவே கொடுக்கப்போகும் தொகையை முன்கூட்டியே பிரீமியத்தில் வாங்கிக்கொள்வார்கள். அதற்கும் ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். ஆபீஸ் பாலிசியில் பிரசவம் இருந்தால் தனியாக வாங்குவதில் பொருளே இல்லை. இல்லாவிட்டாலும் கூட்டல் கழித்தல் போடுங்கள்: கூடுதல் பிரீமியத்தைக் காத்திருக்கும் ஆண்டுகளால் பெருக்கினால், கிடைக்கப்போகும் தொகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைவிட மாதாமாதம் வங்கியில் ஒரு ஆர்டி (தொடர் வைப்பு) போடலாம்.

உண்மையான ஆபத்து பிறந்த குழந்தையின் பில்லில் இருக்கிறது. குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை என்று பச்சிளங்குழந்தைகளுக்கான ஐசியுவில் (என்ஐசியு) இருந்தால், தாயின் பில்லைக் குழந்தையின் பில் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சாதாரண ஃப்ளோட்டரில் குழந்தையைப் பெரும்பாலும் பிறந்து 90 நாளுக்குப் பிறகுதான் சேர்ப்பார்கள். அபாயமான நாட்கள் அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, “டெலிவரிக்கு எவ்வளவு தருவீங்க?” என்பதல்ல; “குழந்தைக்கு முதல் நாள்லேர்ந்து எவ்வளவு வரைக்கும்?” என்பது. ஆபீஸ் பாலிசியிலும் இதையே கேளுங்கள். பிறந்த எத்தனை நாளுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

கருத்தரிப்பு சிகிச்சை பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. சில புதிய திட்டங்கள் நீண்ட காத்திருப்புக்குப் பின் ஓரளவு தருகின்றன. ஊருக்கு ஊர் கருத்தரிப்பு மையங்கள் முளைத்திருக்கும் மாநிலத்தில் இது கவனிக்கத்தக்கது என்றாலும், இதை நம்பி ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன்.

விலையும் வரியும்

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. வரிச் சலுகைக்காக வாங்குவது என்ற பழைய காரணம் மட்டும் தளர்ந்துவிட்டது. வருமான வரியில் தம்பதிக்கும் குழந்தைகளுக்கும் 25,000 ரூபாய் வரையும், மூத்த குடிமக்களான பெற்றோருக்காகக் கட்டினால் மேலும் 50,000 வரையும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு வருவோம். யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த், ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்எஸ் என நான்கு நிறுவனங்களின் தலைமையகம் சென்னையில்தான். அதனால் நமக்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. வாங்கிய பிரீமியத்தில் எவ்வளவைக் கிளெய்மாகக் கொடுத்தார்கள் என்ற விகிதம் 2023-24இல் பொதுத்துறை நிறுவனங்களுக்கு நூறைத் தாண்டியது. மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் நிறுவனங்களுக்கு 65 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பொதுத்துறையில் குரூப் பாலிசிகள் அதிகம் என்பதால் இந்த எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் விளம்பரத்தில் ‘99 சதவீதம் செட்டில்மென்ட்’ என்று வருவதைவிட இது நேர்மையான எண். உங்கள் வீட்டுக்கு அரை மணி நேரத்துக்குள் இருக்கும் இரண்டு நல்ல ஆஸ்பத்திரிகளில் கேஷ்லெஸ் உண்டா என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் நேரில் போய்க் கேட்டால் இன்னும் நல்லது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த நிறுவனம் இழுத்தடிக்கும் என்பது அத்துபடி.

மறுத்துவிட்டால்

பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு கழிவு போகப் பணம் வரும். கூடவே வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம். காத்திருப்பு, அறை வாடகை வரம்பு, விலக்குகள் எல்லாம் அதில் இருக்கும்.

2024 மே மாத விதிப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வர வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். கிளெய்மை மறுப்பதானால் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். “அப்ரூவல் வரலை” என்று மட்டும் சொன்னால், எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னைத் தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர்தான். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார். அங்கே வக்கீல் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். பேசும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியது, நீங்கள் கையெழுத்துப் போட்ட ப்ரபோசல் ஃபார்மின் நகல். தைராய்டு இருக்கிறதா என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்த அதே தாள்.